இரண்டு சீட்டுக் கொள்கை

அன்று காலை நான் இத்தாலியோடு இருந்த உறவை முறித்துக்கொண்டேன். இத்தாலிக்கு அது இன்னும் தெரியாது. என் மனைவி ஜோஸ்லினுக்கு உடனே தெரிந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மார்ச் மாதம். களத்தில் காய்ந்த கடைசிக் காப்பி மூட்டையையும் முந்தின நாள் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. வேலை ஓய்ந்த காப்பிக்காரன் கைப்பேசியைத் திறந்து உலகத்தைத் திருத்த உட்காருவான். எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் எல்லோரும் அப்படித்தான். நானும் உட்கார்ந்தேன். முதல் செய்தியே பெல்லோராவைப் பற்றியது.

பெல்லோரா, இத்தாலியில் பந்தயக் கார் செய்கிற கம்பெனி. தொடங்கிய நாள் முதல் ஒரே மாதிரியான கார்தான். தரையோடு தரையாக உடம்பு. இரண்டு கதவு. இரண்டு சீட்டு. வேறு எதுவும் செய்தது கிடையாது. அப்படிப்பட்ட கம்பெனி இனிமேல் குடும்பங்களுக்காக உயரமான பெரிய வண்டியும் செய்யப்போகிறதாம். படம் போட்டிருந்தார்கள். வேட்டைநாயின் தலையை எருமை உடம்பில் வைத்துத் தைத்தது போல இருந்தது.

"அநியாயம்" என்றேன்.

அடுப்படியிலிருந்து ஜோஸ்லின் கேட்டாள். "என்னங்க, மிளகு விலை எறங்கிருச்சா?"

"அதைவிட மோசம். பெல்லோராக்காரன் பெரிய வண்டி செய்யப்போறான்."

"செஞ்சா என்னங்க?"

"என்னவா? பந்தயக் கார் கம்பெனின்னா பந்தயக் கார்தான் செய்யணும். இன்னைக்கு இதைச் செய்வான், நாளைக்குக் குட்டியானை லாரி செய்வான், அடுத்த வருசம் தள்ளுவண்டி செய்வான்."

"அந்தப் பெரிய வண்டியில எத்தனை பேரு போலாம்?"

"ஏழு பேரு. கேவலம்."

"ஏழு பேரா."

கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. ஜோஸ்லின் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அது பேச்சு. கீழே வைத்துவிட்டுப் பேசினால் அது தீர்மானம். நான் வாயை மூடியிருக்க வேண்டிய இடம் அது. மூடவில்லை.

எங்கள் வாசலில் ஒரு பெல்லோரா நிற்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சிவப்பு. பழசு. பக்கத்து எஸ்டேட் முதலாளியின் மகன் வெளிநாடு போகும்போது பலா மரத்தடியில் விட்டுப்போனது. உள்ளே மரநாய் குட்டி போட்டிருந்ததால் மலிவாகக் கிடைத்தது. உதிரிப் பாகங்களுக்கு இத்தாலிக்கு எழுதினால் அவர்கள் அனுதாபம் மட்டும் அனுப்பினார்கள். ஆகவே கரடியூர் சின்னராஜ் கைவைத்தான். சின்னராஜ் ஜீப்பு ஓட்டுகிறவன். கீழே போகிற, மேலே வருகிற அத்தனை பேரையும் அந்த ஜீப்பில் ஏற்றுவான். அப்படியே எங்கள் காரையும் கவனித்துக்கொள்வான். இப்போது பெல்லோராவின் ரேடியேட்டர் ஜீப்பினுடையது. பேட்டரி டிராக்டரினுடையது. கண்ணாடி துடைக்கிற மோட்டார் ஆட்டோவினுடையது. இத்தாலி மிச்சமிருப்பது பெயர்ப்பலகையிலும் என் மனதிலும்தான்.

தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கோழிமுட்டை உருளலாம். வாத்துமுட்டை உருளாது. அதனால் வேகத்தடை வந்தால் ஜோஸ்லின் இறங்கிக்கொள்வாள். பாரம் குறைந்த வண்டியை நான் மெல்ல ஏற்றி இறக்குவேன். அவள் நடந்து தாண்டி மறுபடி ஏறிக்கொள்வாள். ஏற்காட்டுக்குள் நாங்கள் போகும்போது அவள் காரில் போன தூரம் அதிகமா நடந்த தூரம் அதிகமா என்று ஊரில் பேச்சு உண்டு.

ஆனாலும் இரண்டு சீட்டின் அருமை கல்யாணமானவனுக்குத்தான் தெரியும். ஒன்றில் நான். இன்னொன்றில் ஜோஸ்லின். மூன்றாவது சீட்டு கிடையாது. அதனால் மாரமங்கலத்திலிருந்து என் மாமியாரைக் கூட்டிவர வழி கிடையாது. பஸ்ஸில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். ஜீப்பைக் கண்டாலே சுற்றும். கார் என்றால்தான் வருவார்.

மாமியார் மரியபுஷ்பம் மிகவும் நல்லவர். அதுதான் சிக்கல். ஒரு வாரத்துக்கென்று வந்தால் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முடியும்வரை இருப்பார். தான் நோன்பிருப்பது போதாதென்று என்னையும் நோன்பிருக்க வைப்பார். ஞானஸ்நானத்தில் விட்டுப்போன பாவங்கள்கூட அவர் வீட்டிலிருக்கும்போது என்னைவிட்டு ஓடிவிடும். அவ்வளவு சுத்தமாக வாழ எனக்குப் பழக்கமில்லை.

ஆக, பெல்லோரா கம்பெனிக்கு ஒரு கொள்கை இருந்தது. எனக்கும் ஒன்று இருந்தது. இரண்டும் ஒரே வண்டியில் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தன. இப்போது கம்பெனி இறங்கிக்கொண்டது.

ஜோஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நம்ம தோட்டம் என்ன தோட்டம்?"

"காப்பித் தோட்டம்."

"சில்வர் ஓக்குல ஏறி நிக்கறது என்னங்க?"

"மிளகு."

"காப்பித் தோட்டத்துல மிளகுக்கு என்னங்க வேலை?"

"காப்பி விலை விழுந்தா மிளகு தாங்கும். இதுகூடத் தெரியாதா?"

"அதத்தானுங்க இத்தாலிக்காரனும் பண்றான். பந்தயக் காரு நாலு பேரு வாங்குவாங்க. பெரிய வண்டி நாப்பது பேரு வாங்குவாங்க. நாப்பது பேரு காசுல அந்த நாலு பேருக்குச் செஞ்சு குடுப்பான். கொடிய ஏத்துனா மரம் செத்தா போச்சு?"

பதில் வராதபோது குரலை உயர்த்துவது வழக்கம்.

"மிளகு வேற, கார் வேற."

"ஆமாங்க. மிளகு காரமா இருக்கும்."

"இப்படித்தான் ஆரம்பிப்பாங்க ஜோஸ்லின். பந்தயக் காரைக் காப்பாத்தத்தான் பெரிய வண்டின்னு சொல்லுவாங்க. பத்து வருசம் போனா பெரிய வண்டி மட்டும் மிச்சமிருக்கும். பந்தயக் கார் மியூசியத்துல நிக்கும். ஒரு பேருக்குன்னு ஒரு குணம் இருக்குது. அதை வித்துட்டா அப்புறம் விக்கறதுக்கு என்ன இருக்குது?"

இதை நான் இன்றும் நல்ல வாதம் என்றே நினைக்கிறேன். ஜோஸ்லின் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். நடுவில் கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"கல்யாணத்தப்ப நீங்க ஒல்லியா, ரெண்டு சீட்டு வண்டியாட்டத்தான் இருந்தீங்க. இப்ப மாடல் மாறிருச்சு. நான் என்ன, மியூசியத்துலயா விட்டேன்?"

அன்று சாயங்காலம் சின்னராஜ் வந்தான். அவனாக வந்தான் என்றுதான் நினைத்தேன்.

"ஏனுங்க சார், சேலத்துல ஒரு வெள்ளை வண்டி நிக்குதுங்க. ஏழு சீட்டு. நொம்ப நல்ல கண்டிசன். உங்க செகப்பு வண்டியக் குடுத்தா மாத்திக்கறேங்கறாங்க."

கைப்பேசியில் படம் காட்டினான். வெள்ளை வண்டி. கதவு திறந்திருந்தது. உள்ளே சீட்டுகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசி வரிசையில் என் மாமியார் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

"மேடு பள்ளம் எல்லாம் ஏறுமுங்களா சின்னராஜ்?" என்று ஜோஸ்லின் கேட்டாள்.

"ஏறுமாவாங்க? மாரமங்கலத்துக்குக் கண்ண மூடிக்கிட்டுப் போலாமுங்கக்கா."

மாரமங்கலம் என்று அவன் ஏன் சொன்னான் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. மலையில் வேறு ஊரே இல்லையா.

"ஈஸ்டர் வரைக்கும் யோசிங்க" என்றாள் ஜோஸ்லின் என்னிடம். "அதுக்கு மேல நான் யோசிப்பேன்."

என் கண்முன்னே சிவப்பு வண்டி மலையிறங்கி, வெள்ளை வண்டி மலையேறி வந்தது. பின்னாலேயே மாமியாரின் நோன்பும் வந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தோட்டத்தில் நிழல்மரத்துக் கிளையைக் கழித்துக்கொண்டிருக்கும்போது யோசனை வந்தது. ஜோஸ்லினுக்குப் பெல்லோராவைப் பற்றி என்ன தெரியும்? அவள் உட்கார்ந்ததெல்லாம் பக்கத்து சீட்டில். மடியில் முட்டை அட்டை. காலடியில் கேஸ் சிலிண்டர். வேகத்தடைக்கு வேகத்தடை நடை. இப்படிப் பயணம் செய்தவளுக்கு எந்தக் கார் மேல் பிரியம் வரும்? அந்த ஸ்டியரிங்கை ஒருமுறை அவள் பிடித்துவிட்டால் போதும். பெல்லோராவை ஓட்டினவர்கள் பெரிய வண்டியைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவளே கொள்கைக்காரியாகிவிடுவாள்.

கல்யாணமான புதிதில் அவள் கேட்டுக்கொண்டிருந்ததுதான். இதற்கென்று ஒரு கை வேண்டும், எல்லோருக்கும் வராது என்று நான் சொல்லிவிட்டேன். சில வருஷம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. இப்போது நானே சொன்னால் காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஜோஸ்லின், உனக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரட்டுமா?"

"எனக்கெதுக்குங்க?"

"சும்மா. நம்ம வண்டிதானே."

"விக்கப்போற வண்டியில என்னத்த பழகறது. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"நான் பக்கத்துல இருப்பேன்."

"அதுதானுங்க பயமா இருக்குது."

நான் கெஞ்சினேன். மனைவிக்குக் கார் கற்றுக்கொடுக்க அனுமதி கேட்டு இரண்டு நாள் அவள் பின்னாலேயே திரிந்த ஆண்பிள்ளை இந்தச் சேர்வராயன் மலையில் நான் ஒருவன்தான் இருப்பேன். துணி துவைக்கும்போது கெஞ்சினேன். துணியை வாங்கி நான் துவைத்துக்கொண்டும் கெஞ்சினேன். கடைசியில் இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டாள். மூன்று நிபந்தனை. கத்தக் கூடாது. ஹேண்ட்பிரேக்கைத் தொடக் கூடாது.

"அப்புறம் லைசென்சு எடுத்துக் குடுக்கோணும்."

"பழகறதுக்கு எதுக்கு லைசென்ஸ்?"

"போலீஸ்காரன் நிறுத்துனா யாரு மானமுங்க போகும்? பெல்லோரா ஸ்தனிஸ்லாஸ் பொண்டாட்டிக்கு லைசென்சு இல்லேன்னு சொல்லமாட்டாங்களா?"

பெல்லோரா ஸ்தனிஸ்லாஸ் என்று என் பெயரை அவள் வாயால் சொன்னது காதுக்கு இதமாக இருந்தது. மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப்போய் எல்.எல்.ஆர். வாங்கிக்கொடுத்தேன். வேகத்தடைகளில் நானே இறங்கி நடந்துகொள்வதாகக்கூடச் சொன்னேன். அவள் வேண்டாமென்று பெருந்தன்மையாக மறுத்தாள்.

மலையில் சமதரை என்பது கடவுள் கொடுப்பதல்ல, நாமே சிமெண்ட் போட்டுக்கொள்வது. எங்களுக்கு இருக்கிற ஒரே சமதரை காப்பி காய வைக்கும் களம். பழம் எடுக்கிற மாதங்களில் அதன் மேல் செருப்புக்காலோடு நடந்தால்கூடச் சத்தம் போடுவேன். மார்ச்சில் அது காலி. இங்கே யார் கார் பழகினாலும் களத்தில்தான் பழகுவார்கள். ஓரத்தில் சின்னச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காப்பிச் செடிகள், அப்புறம் ஆகாயம்.

"கிளட்சை மெல்ல விடு. மெல்ல. இது இத்தாலி வண்டி. பூவைத் தொடற மாதிரி தொடணும்."

"ரேடியேட்டர் ஜீப்புதுதானுங்களே."

"அதைப் பேசாதே. ரோட்டைப் பாரு."

"களத்துல ஏதுங்க ரோடு?"

"மனசுல ஒரு ரோடு போட்டுக்கோ. சுவர் வருது. சுவர், சுவர், சுவர்."

"கத்தக்கூடாதுன்னு பேசுனோமுங்க."

சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். நான் கண்ணைத் திறந்தேன். அவள் பின்னால் எடுக்கத் தொடங்கியிருந்தாள். அந்த ரிவர்ஸ் கியர் எனக்கு ஒருநாளும் ஒழுங்காக விழுந்ததில்லை. திட்டி, உதைத்து, புனித அந்தோனியாரை அழைத்து விழவைப்பேன். அவள் கைக்கு முதல் தடவையே வெண்ணெயில் கத்தி போல விழுந்தது.

"இது ஒண்ணும் கஷ்டமில்லையேங்க" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தேன். என் திட்டம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரலில் ஒரு மழை பெய்து காப்பி பூத்தது. தோட்டமெல்லாம் வெள்ளை. அந்த வாசனையோடு அவளை மலைப்பாதைக்குக் கூட்டிப்போனேன். மலைப்பாதைக்கு ஒரு சட்டம் உண்டு. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் நிற்க வேண்டும், தேவையானால் பின்னால் போய் இடம்விட வேண்டும். நான் ரிவர்ஸ் கியர் காரணமாக அந்தச் சட்டத்தைப் பல வருஷம் ஒலிப்பானால் சமாளித்துவந்தவன். ஊரில் இருக்கிற பஸ் டிரைவர்கள் எல்லோருக்கும் என் குடும்பத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு.

ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறி வந்தது. நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். நான் ஒலிப்பானை நோக்கிக் கையை நீட்டினேன். ஜோஸ்லின் அந்தக் கையைத் தட்டிவிட்டு, நின்று, கண்ணாடியைப் பார்த்து, வளைவிலேயே பின்னால் போய் ஒதுங்கினாள். பஸ் போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி அவளுக்கு ஒரு சலாம் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவளுக்கு இன்னொரு சலாம் வைத்தார்.

அன்றோடு அவள் மாறிப்போனாள். காலையில் எழுந்ததும் கார் துடைத்தாள். சீட்டுக்குப் புது உறை தைத்தாள், கிரீம் நிறத்தில். உட்காருமுன் என் பேன்ட்டின் பின்பக்கத்தைப் பரிசோதித்தாள். வேகத்தடைகளைக்கூட, வண்டியைக் குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, யாரும் இறங்காமலே தாண்டினாள். அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. கொள்கையும் பேச ஆரம்பித்தாள்.

"அந்த இத்தாலிக்காரனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்க."

"எந்த இத்தாலிக்காரன்?"

"பெல்லோராக்காரன்தான். இப்படி ஒரு வண்டியச் செஞ்ச கையில எருமை செய்யலாமுங்களா? நீங்க சொன்னப்ப எனக்குப் புரியல. ஏழு சீட்டு வெச்சா அது காராங்க? கல்யாண மண்டபம்."

நான் உணர்ச்சிவசப்பட்டேன். "மிளகு?"

"மிளகு வேற, கார் வேறங்க."

ஈஸ்டரன்று பூசை முடிந்து வரும்போது வெள்ளை வண்டியை வேண்டாமென்று சின்னராஜிடம் அவளே சொல்லிவிட்டாள். உயிர்ப்பு விழாவில் உண்மையாகவே உயிர்த்தவன் நான்தான். சின்னராஜை ஓரமாகக் கூட்டிப்போய் ரகசியத்தைச் சொன்னேன். பொம்பளைகளிடம் வாதாடக் கூடாது, அவர்களே தாங்களாக முடிவுக்கு வந்த மாதிரி ஒரு வழி செய்துவிட வேண்டும், அதுதான் சாமர்த்தியம் என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நொம்ப சந்தோசமுங்க சார்" என்றான்.

மே மாதத் தொடக்கத்தில் லைசென்ஸ் டெஸ்ட். இன்ஸ்பெக்டர் பெல்லோராவுக்குள் ஏறுவதற்கே சிரமப்பட்டார். இறங்குவதற்கு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். வெளியே வந்து நிமிர்ந்தவர் "அம்மா நல்லா ஓட்டுறாங்க. நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். நெஞ்சு விரிந்தது. அந்த நெஞ்சோடு இரண்டு வாரம் இருந்தேன்.

இரண்டாவது வாரக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் விசேஷம். ஜோஸ்லினின் தம்பி மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். நான் குளித்து, புதுச்சட்டை போட்டு, சென்ட் அடித்து, முழங்கை மடிப்பைக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் பெல்லோரா வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வந்து நிற்பதற்கு அது எப்போது போனது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஸ்டியரிங்கில் ஜோஸ்லின். பட்டுப்புடவை. பக்கத்து சீட்டில், கிரீம் உறையின் மேல், மாமியார் மரியபுஷ்பம்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் அவர். என் வீட்டு வாசலில் என்னை வரவேற்றார். "வண்டி நல்லாத்தான் இருக்குது. தலையே சுத்தல. தரையிலயே உக்காந்து போற மாதிரி இருக்குது பாருங்க, சுத்தறதுக்கு எடமில்ல."

ஜோஸ்லினைப் பார்த்தேன். "அத்தை எப்படி வந்தாங்க?"

"விடியக்காலம் போய்க் கூட்டிட்டு வந்தனுங்க. நீங்க நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க."

"மாரமங்கலத்துக்கா? தனியாவா?"

"போறப்ப தனியா. வாறப்ப அம்மா இருந்தாங்க."

இரண்டு சீட்டு வண்டியில் மூன்றாவது ஆள் ஏற முடியாது என்பது சரிதான். அந்த இருவரில் ஒருவர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று பெல்லோரா கம்பெனி எங்கேயும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அதை நானாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அத்தையை இறங்கிக் காப்பி குடிக்கச் சொல்லு. நாம கிளம்பலாம்."

"அம்மாவும்தானுங்க வாறாங்க. பேத்தி புதுநன்மையில்லீங்களா?"

"அப்ப நான்?"

ஜோஸ்லின் தன் சீட்டைப் பார்த்தாள். அம்மாவின் சீட்டைப் பார்த்தாள். வருத்தத்தோடுதான் பார்த்தாள்.

"ரெண்டு சீட்டுதானுங்களே."

"பின்னாடி கொஞ்சம் ஒடுங்கிக்கிட்டு..."

"பின்னாடி எஞ்சினுங்க. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

நான் குனிந்து ஜன்னலருகே முகத்தைக் கொண்டுபோனேன். பெல்லோராவின் ஜன்னலுக்குக் குனிவது கிட்டத்தட்ட மண்டியிடுவதுதான்.

"ஜோஸ்லின், நான் யோசிச்சுப் பார்த்தேன். குடும்பம்னு ஆனப்புறம் ரெண்டு சீட்டு பத்தாது. கம்பெனிகூடக் காலத்துக்குத் தகுந்தமாதிரி மாறித்தான் ஆகணும். நாலு பேருக்குச் செய்யறதை நாப்பது பேரு தாங்கணும். நீயேதானே சொன்னே, கொடியை ஏத்துனா மரம் செத்தா போச்சுன்னு. அந்த வெள்ளை வண்டியை இன்னொரு தடவை பார்த்துட்டு வந்தா என்ன?"

"என்னங்க இப்படிப் பேசறீங்க. ஒரு பேருக்குன்னு ஒரு குணம் இருக்குதுங்க. அத வித்துட்டா அப்புறம் விக்கறதுக்கு என்ன இருக்குது?"

"மாப்பிள்ளை கொள்கையில கெட்டியானவருன்னு ஊரெல்லாம் சொன்னேனே" என்றார் மாமியார். "அதுக்குத்தான் இந்த வருசம் எங்கூட நோன்பு இருக்கட்டும்னு நெனச்சேன். தவக்காலம் முடிஞ்சுபோச்சு. பரவால்ல, ஜூன் மாசம் முழுக்கத் திருஇருதய பக்தி இருக்குதில்ல, இருந்துட்டே போறேன்."

"சின்னராஜ் ஜீப்பு இப்ப வருமுங்க. உங்களுக்கு எடம் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள் ஜோஸ்லின்.

பெல்லோரா கிளம்பியது. ஒரு உதறல் இல்லை. என் கையில் அது ஒருநாளும் அப்படிக் கிளம்பியதில்லை.

ஜீப்பு வந்தது. எனக்குச் சொல்லி வைத்த இடம் பின்பக்கப் படி. அங்கே ஏற்கெனவே ஒரு கோழிக்கூடை நின்றுகொண்டிருந்தது. முன்சீட்டில் இருந்த பெரியவர் வாழவந்திக்குப் போகிற பிரிவில் இறங்கினபோது நான் ஓடிப்போய் அந்த இடத்தைப் பிடித்தேன். மலைச்சரிவு இறங்க ஆரம்பித்ததும் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"சின்னராஜ், அந்த வெள்ளை வண்டி இன்னும் நிக்குதா?"

"எந்த வெள்ளை வண்டிங்க?"

"சேலத்துல. ஏழு சீட்டு. படம் காட்டினியே."

"அதுங்களா." அவன் கியரை மாற்றி ஒரு வளைவைத் திருப்பி முடித்தான். "அது எங்க மச்சான் கல்யாணத்துக்கு வந்த வாடகை வண்டிங்க சார். அக்காதான் அந்தப் படத்தைக் காட்டி அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"வண்டி கையவிட்டுப் போகுதுன்னாத்தான் நீங்க ஸ்டியரிங்கைக் குடுப்பீங்கன்னாங்க."

கோழிகள் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன. காப்பிச் செடிகள் போயின. சில்வர் ஓக்குகளும் அவற்றின் மேல் ஏறியிருந்த மிளகுக் கொடிகளும் போயின. நான் யாரிடம் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசினேன் என்பதை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முயன்றேன்.

அப்போது கீழே வளைவில் ஒரு சிவப்பு தெரிந்தது. பெல்லோரா. இறங்கிப்போனது திரும்பி ஏறி வந்துகொண்டிருந்தது. எனக்காகத்தான். மனசு கேட்டிருக்காது. எத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள். அத்தையை ஜீப்பில் ஏற்றிவிடச் சொல்வாளோ, அத்தையின் மடியில் என்னை உட்காரச் சொல்வாளோ, எதுவானாலும் சம்மதம் என்று தீர்மானித்துக்கொண்டேன். ஏறுகிற வண்டிக்கு வழிவிடச் சின்னராஜ் ஜீப்பை ஓரம்கட்டினான். நான் குதித்து இறங்கி, சட்டையைத் தட்டி, கலைந்த தலையைக் கோதிக்கொண்டு நின்றேன்.

பெல்லோரா என் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. மாமியார் இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கி, மாரமங்கலத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பலாப்பழத்தை ஜன்னல் வழியே என்னிடம் கொடுத்தார்.

"இத நீங்க மடியில வெச்சு எடுத்துட்டு வந்துருங்க" என்றாள் ஜோஸ்லின். "சீட்டுல பால் ஒட்டுது."